பன்னிரண்டாம் நாள் ஊசி

தன் ரத்தத்தில் கொஞ்சம் சென்னையில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று வீரமுத்து சொன்னபோது தியாகதுருகம் கடைத்தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. புற்றுநோய்க்காரர் உளறினால் யார் சிரிப்பார்கள்? ஆனால் அவர் சொன்னது நிஜம். மருந்துக்கு அடங்காத ரத்தப் புற்று அவருக்கு. சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் அவர் ரத்தத்தை எடுத்து, நோயோடு சண்டை போடும் அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். பிரித்ததைப் பதினான்கு நாள் ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கி அவருக்கே ஏற்றுவார்கள். இன்னொரு தடவை எடுக்க உடம்பில் தெம்பில்லை, இது ஒன்றுதான் வாய்ப்பு என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதுவரை யாரையும் கிட்டே சேர்க்கக் கூடாது, தங்களைக் கேட்காமல் ஊசி, மாத்திரை எதுவும் கூடாது.

கொரோனா வேறு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த வருடம். வீரமுத்து கரும்புக் கொல்லையில் பம்புசெட் இருந்த மோட்டார் கொட்டாய்க்குக் குடிபோனார். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகள் செந்தமிழ்ச்செல்வி திருப்பூரில் நிறைமாதக் கர்ப்பிணி. தம்பி மனைவி சாப்பாட்டுத் தூக்கை வாய்க்கால் கரைமேல் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவாள். மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கார்த்திகையில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி கிளம்பியது. எண்பத்தேழில் இதே போராட்டத்தில் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்தவர்களில் வீரமுத்துவும் ஒருவர். இப்போது தம்பி உட்பட தெருவே வேன் பிடித்துச் சென்னைக்குப் போனது. கொல்லை ஓரமாகப் போன ஒருத்தனாவது ஹாரன் அடித்துச் சொல்லிக்கொண்டு போனானா என்றால் இல்லை.

அவரோடு பேசுகிற ஒரே ஜீவன் ஆய்வகத்துச் சுபஸ்ரீதான். தினம் சாயங்காலம் இவரே போன் போடுவார்.

"இன்னாம்மா, வளந்துகினு வருதா?"

"நல்லா வளருதுங்க. நேத்து நாலு கோடி. இன்னிக்கு ஆறாயிடுச்சு."

"அங்க அதுங்க கும்பலா கீது. இங்க நான் ஒண்டி" என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் உடம்பு லேசாகச் சுட்டது, கைகால் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. அன்றைக்கென்று பார்த்துக் காசிநாதன் வரப்பில் வந்தார். ஒரு டாக்டரிடம் இருபது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். அவர் ஊசி போட்டால் விடிந்ததும் ஏர் ஓட்டலாம் என்று சுற்றுப்பட்டில் பேர்.

"இன்னாண்ணே, தனியா கெடக்கிற?" என்று பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

பன்னிரண்டு நாளாக யாரும் தொடாத கை. சொல்ல வெட்கம்தான், அந்தச் சூட்டுக்கே வீரமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சொன்னது மறக்கவில்லை. வேண்டாம் என்றால் காசி எழுந்து போய்விடுவார் என்பதும் தெரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். ஊசி போட்ட பிறகு காசி அரை மணி நேரம் இருந்து, போலீஸ் வழியில் வேன்களை மறித்த கதையெல்லாம் சொன்னார். அந்த அரை மணி நேரம் வீரமுத்துவுக்கு நோயே இல்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டு உடம்பு லேசாகிவிட்டது. சாயங்காலம் சுபஸ்ரீயே கூப்பிட்டாள்.

"எல்லாம் ரெடிங்க. காலைல ஆம்புலன்ஸ் வரும். காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லம்மா."

"ஊசி, மாத்திரை?"

"இல்லம்மா."

போனை வைத்த பிறகு வீரமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை நாள் அந்தப் பெண் கண்ணும் கருத்துமாக வளர்த்ததைப் பொய் சொல்லியா வாங்கிக்கொள்வது? காசி வாய்க்கால் ஓரம் வீசிவிட்டுப் போன மருந்து பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பவும் கூப்பிட்டார். அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னார்.

சுபஸ்ரீ ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "இது ஸ்டீராய்டுங்க. இந்த மருந்து இருக்கிற உடம்புல ஏத்துனா அணுக்கள் செத்துடும்."

டாக்டரைக் கேட்டுவிட்டு அவளே மறுபடி பேசினாள். "அணுக்களை உறைய வெச்சிடறோம். அதுல எவ்வளோ பொழைக்கும்னு இப்ப சொல்ல முடியாதுங்க. நீங்க இன்னும் ரெண்டு வாரம் தனியா இருக்கணும். யாரும் கிட்ட வரக் கூடாது."

"செரிம்மா" என்றார்.

காலையில் காசிநாதன் சிரித்துக்கொண்டே வரப்பில் வந்தார். வீரமுத்து கையை நீட்டி மறித்தார். "அங்கயே நில்லு காசி." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

காசிநாதன் முகம் செத்துவிட்டது. "நானே கெடுத்துட்டனேண்ணே" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி வந்த வழியே திரும்பினார்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டார். கொட்டாய் வாசலில் நின்று வீரமுத்து கத்தினார்.

"கிட்ட வராதடா. ஆனா போயிடாத."

காசிநாதன் பையை இறக்கி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்தார்.