அலுப்பில்லை, களைக்குது

மங்கையற்கரசிக்கு அன்று காலை ஏழு மணிக்கே கோபம் வந்துவிட்டது. வரவைத்தது அவளுடைய சொந்த முகம். ஸ்காபரோவில் அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் எமேர்ஜென்சி வாசலில் புதிதாக ஒரு பெரிய சுவரொட்டி. அதில் நீலச் சட்டையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக அவள் பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்கு மேலே, ‘உங்கள் மொழியில் உங்களைக் கேட்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. கீழே ஏழெட்டு மொழிகளில் வணக்கம். தமிழில் மட்டும் அது ‘வணககம்’. ‘க்’ மேலே வரவேண்டிய குற்றை, அந்தப் புள்ளியைக் காணோம்.

அவளைப் படம் எடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். வெளிச்சம் பிடிக்க இன்னொருவர். எழுத்துச் சரியோ என்று அவளிடம் ஒரு சொல்லுக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பேனையை எடுத்துத் தானே குற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அது வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு கணக்கு இருந்தது. மங்கைக்கு ஐம்பத்தொரு வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் தாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னர் மேலிடம் ஒரு பயிலுனர் திட்டம் கொண்டுவந்தது. பழம் தின்று கொட்டை போட்ட தாதிகளையும் அம்புலன்ஸ்காரரையும் வேலையில் வைத்துக்கொண்டே, டொக்டர்மாருக்குப் பக்கத்தில் நிற்கவிட்டுப் பழக்கி, நோய் இன்னதென்று சொல்லவும் மருந்து எழுதவும் உரிமையுள்ள உயர்நிலைச் சிகிச்சையாளர்களாக ஆக்குவது. கடதாசியில் வாசிக்க நல்லாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு கொப்பி தந்தார்கள். நாற்பது பக்கம், நாற்பது நோயாளி. ஒவ்வொருவரையும் தொடக்கத்திலிருந்து தானே கேட்டு, தொட்டு, நோயைக் கண்டுபிடித்து, பொறுப்பு டொக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அவளோடு சேர்ந்த றெமிஜியஸ், பதினெட்டு வருஷம் அம்புலன்ஸில் செத்தவனை எழுப்பினவன், பதினோராம் பக்கத்தோடு கொப்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். “என்ர மகளின்ர வயசுக்காரர் எனக்கு நாடி பிடிக்கத் தெரியுமோ எண்டு கொப்பியிலை சரி, பிழை ரிக் போடுறாங்கள், போங்கடா” என்றானாம்.

மங்கை போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தொன்பது பக்கம் முடித்துவிட்டாள். நாற்பதாவது இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் முடியவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷமும் அம்போ. வெக்ஸ்போர்ட்டில் திறக்கப்போகிற கிளினிக்கில் அவளுக்கென்று வைத்திருக்கிற இடமும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போடவேண்டியவன் டொக்டர் ஜனார்த்தன். முப்பத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரன்தான். ஆனால் விதி, ஒழுங்கு என்று கடதாசியில் எது எழுதியிருந்தாலும் அது அவனுக்குத் தேவவாக்கு. தமிழ் விளங்கும், ‘சாப்பிடு, படு, கதவைப் பூட்டு’ என்கிற அளவுக்கு. மங்கையோடு ஆங்கிலம்தான்.

பதினொரு மணியளவில் இருவரும் நோயாளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் கிணுகிணுத்தது. எடுத்து, “அம்மா, ஐ ரோல்ட் யூ, றெஸ்ற் எடுங்கோ. தண்ணி குடிங்கோ” என்றுவிட்டு வைத்தான். “ஷீஸ் ஓல்வேஸ் டயர்ட்” என்று மங்கையிடம் சிரித்தான். அவளுக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. அவள் கண் பட்டியலில் இருந்தது.

“ஒன்பதாம் கட்டில் உங்களுக்கு. நவரட்ணம், அறுபத்தெட்டு வயது. ஒரு கிழமையாகக் களைப்பு, நித்திரை இல்லை. சின்ன விஷயம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்” என்றான் ஆங்கிலத்தில்.

நவரட்ணம் அஜின்கோர்ட்டிலிருந்து தனியாக பஸ் எடுத்து வந்த மனிதர். கட்டிலில் படுக்காமல் நுனியில் குந்தி, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “பிள்ளை, வாசல்லை படத்திலை நிக்கிறது நீங்கள்தானே?”

“ஓம் ஐயா, நான்தான். கொஞ்சம் பொறுங்கோ.”

பொறுக்கத்தான் வேண்டும். பயிலுனர் நோயாளியின் மொழியில் நோயின் கதையைக் கேட்டு ஹிஸ்ரறி எடுக்கக்கூடாது, சான்றிதழ் உள்ள தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் எடுக்கவேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே விதி. ஆகவே தமிழச்சி ஒருத்தி, தமிழர் ஒருவருக்கு முன்னால் நின்றுகொண்டு, சுவரில் தொங்குகிற போனிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். விசர் வேலை. நவரட்ணம் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், உங்களுக்கு என்ன பண்ணுது?” என்றது போனில் ஒரு இளம் குரல். குரலைக் கேட்டால் சென்னைப் பக்கம்.

“களைக்குது தங்கச்சி. ஒரு கிழமையாக் களைக்குது” என்று நெஞ்சில் கை வைத்தார்.

“களைப்பா இருக்கா? சரி சார்.” பிறகு ஆங்கிலத்தில், “அவருக்கு ஒரு வாரமாக டயர்டாக இருக்கிறது.”

மங்கை எழுதப் போன பேனையை நிறுத்தினாள்.

போனில் பேசிய பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அவளுடைய ஊரில் களைப்பு என்றால் சோர்வு. ஆனால் நவரட்ணத்தின் ஊரில், மங்கையின் ஊரிலும்தான், சோர்வுக்கு அலுப்பு என்று வேறு சொல் இருக்கிறது. அந்த ஊர் ஆள் ‘களைக்குது’ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னால், மூச்சு முட்டுது என்று அர்த்தம். காலையில் வாசலில் அவரைப் பதிந்தவனும் இதைத்தான் டயர்ட் என்று எழுதியிருக்கிறான். ஒரு கிழமையாக மூச்சு முட்டுகிற மனிதரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

போனை அதன் பாட்டில் விட்டுவிட்டு அவருக்குக் கிட்டப் போனாள்.

“ஐயா, உங்களுக்கு அலுப்போ, களைக்குதோ?”

“அலுப்பில்லைப் பிள்ளை, களைக்குது. பஸ்ஸிலை ஏற ரெண்டு படி. அதுக்கே நிண்டு நிண்டுதான் ஏறினனான்.”

“படுத்தால்?”

“படுத்தாத்தான் இன்னும் கூட. ரெண்டு தலையணை அடுக்கி, சாஞ்சுகொண்டுதான் கிடக்கிறன். நடுச்சாமத்திலை திடுக்கிட்டு எழும்பி யன்னலைத் திறக்கிறன்.”

சப்பாத்தைக் கழற்றினாள். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சுவாசப்பையின் அடியில் பொரிகிற சத்தம். இருதயம் இறைக்க மாட்டாமல் நீர் சுவாசப்பைக்குள் ஏறிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நிமிஷம்கூட எடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் போனில் வருவதற்குக் காத்திருந்தது ஆறு நிமிஷம்.

ஜனார்த்தன் முதலில் நம்பவில்லை. “இன்ரப்பிறிற்றர் டயர்ட் என்றுதானே சொன்னார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். “எக்ஸ்ரே எடுங்கள், டொக்டர். பிழையென்றால் என்னுடைய பெயரில் போடுங்கள்” என்று அவளும் ஆங்கிலத்தில் சொல்லி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். எடுத்தார்கள். படத்தில் சுவாசப்பை இரண்டும் நீர் கோத்து வெள்ளையாகக் கிடந்தன. அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். ஒட்சிசன், நீர் போக ஊசி. மூன்று மணிக்கு நவரட்ணத்தை இருதயப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது அவளுடைய கையைப் பிடித்து, “பிள்ளை, இப்ப சாடையாச் சாயக்கூடியதாக் கிடக்கு” என்றார்.

மங்கைக்கு மனம் குளிர்ந்தது. நாற்பதாவது பக்கத்தை நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தாள். அந்தத் தேத்தண்ணியோடு சரி, அவளுடைய சந்தோஷம்.

நாலரைக்கு ஜனார்த்தன் அவளை டொக்டர்மார் அறைக்குக் கூப்பிட்டான். கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. நாற்பதாம் பக்கத்துக்குக் குறுக்கே ஆங்கிலத்தில் ஒரு சொல்: செல்லாது.

“லிஸின், மங்கை. யூ வேர் றைற். ஆனால் ஹிஸ்ரறியை விதிக்கு மாறாக எடுத்திருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள்.”

அவள் கொப்பியை எடுக்கக் குனிந்தாள். கொப்பிக்குப் பக்கத்தில் கணினித் திரையில் நவரட்ணத்தின் கோவை திறந்து கிடந்தது. ஜனார்த்தன் எழுதிய குறிப்பு. வாசித்தாள். ‘நான் மீண்டும் பரிசோதித்தபோது: படிகளில் ஏற மூச்சு முட்டுகிறது. இரண்டு தலையணை. இரவில் திடுக்கிட்டு எழும்புகிறார்.’ கீழே அவனுடைய பெயர் மட்டும்.

வந்ததே கோபம். உச்சந்தலையில் ஏறிவிட்டது. இதுவரை அவனோடு ஆங்கிலத்தில் ‘டொக்டர், டொக்டர்’ என்று மட்டும் பேசிய வாய் தன்பாட்டில் தமிழுக்கு மாறியது.

“இந்த ரெண்டு தலையணை உமக்கு எங்கயிருந்து வந்தது?”

“மங்கை, ப்ளீஸ்...”

“அந்த மனிசன் உம்மட்டைச் சொன்னவரோ? இன்ரப்பிறிற்றர் சொன்னவவோ? நான் கேட்டது. என்ர வாயாலை, என்ர பாசையிலை. உம்மட நோட்டிலை எழுதினால் அது செல்லும், என்ர கொப்பியிலை எழுதினால் செல்லாதோ? என்ர மூஞ்சியை வாசல்லை ஒட்டேக்கை என்ர பாசை செல்லுதோ?”

அவன் முகம் சிவந்துவிட்டது. பாதி விளங்கவில்லை என்றாலும் விளங்கவேண்டியது விளங்கிவிட்டது. ஆங்கிலத்திலேயே சொன்னான்: “எனக்கு அந்தச் சொல் டயர்ட் என்றுதான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான். என்னுடைய அம்மாவும் அப்படித்தான் சொல்வார், ‘களைக்குது தம்பி, களைக்குது’ என்று...”

சொல்லிக்கொண்டு வந்தவன் நடுவில் நின்றுவிட்டான்.

மங்கைக்குப் பதினொரு மணிக்கு அவனுக்கு வந்த போன் இப்போதுதான் காதில் ஏறியது.

“எத்தினை நாளாச் சொல்லுறா?”

“எ வீக். மேபி ரென் டேய்ஸ்.” கதிரையை விட்டு எழும்பிவிட்டான். “ஐ ரோல்ட் ஹேர் ரு றெஸ்ற்.”

“போனை எடும்.”

அவனுடைய தாய் அருள்நாயகி அஜக்ஸில் தனியாக இருக்கிறவர். ஆறு தரம் அடித்த பிறகுதான் எடுத்தார். ஜனார்த்தன் போனை ஸ்பீக்கரில் மேசையில் வைத்தான்.

“அம்மா, நீங்கள் படுத்தா... படுத்தா என்ன...” மிச்சம் அவனுக்கு வரவில்லை. எட்டு வருஷம் படித்த படிப்பில் அந்த வசனத்துக்குத் தமிழ் இல்லை.

“என்ன தம்பி... படுக்கச் சொல்லுறியோ?” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. “நீ சொன்னனி எண்டு... படுத்துத்தானே... பாக்கிறன்.”

அவன் நிமிர்ந்து மங்கையைப் பார்த்தான்.

“என்னை ஏன் பாக்கிறீர்? இன்ரப்பிறிற்றரைக் கூப்பிடும். சான்றிதழ் உள்ள ஆள். சுவரிலை நம்பர் கிடக்கு.”

வாய் அப்படிச் சொன்னது. சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. ஆனால் கை அதற்கு முன்னமே நீண்டு போனை எடுத்துவிட்டது.

“அக்கா, நான் உங்கட மகன்ர ஆஸ்பத்திரியிலை நேர்ஸ், மங்கை. ஒண்டு கேக்கிறன், ஆறுதலாச் சொல்லுங்கோ. உங்களுக்கு அலுப்போ, களைக்குதோ?”

“அலுப்பில்லைப் பிள்ளை... களைக்குது. மாடிப்படி... ஏறேலாது.”

“படுத்தால்?”

“படுக்கேலாது. மூண்டு தலையணை வைச்சும்... ராத்திரி முழுக்கக் கதிரையிலைதான் இருந்தனான். தம்பிட்டைச் சொன்னனான்... உவனுக்கு விளங்கேல்லை.”

“எங்களுக்கு விளங்குது அக்கா. முன் கதவின்ர பூட்டைத் திறந்து விட்டிட்டுக் கதிரையிலை இருங்கோ. அம்புலன்ஸ் வருது. போனை வையாதேங்கோ, நான் கதைச்சுக்கொண்டிருப்பன்.”

ஜனார்த்தன் ஏற்கெனவே மேசைப் போனில் 911 இலக்கத்தை அழுத்தியிருந்தான். தாயின் விலாசம் சொன்னான். என்ன செய்கிறது என்று மறுமுனையில் கேட்டார்கள் போல. “ஷீஸ்...” என்று தொடங்கி மங்கையைப் பார்த்தான். மூச்சு முட்டுது என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க, அதையே சொன்னான்.

பதின்மூன்று நிமிஷத்தில் ஆட்கள் வீட்டுக்குள் வந்த சத்தம் போனில் கேட்டது. யாரோ ஒட்சிசன் என்றார்கள். பிறகு அருள்நாயகியின் குரல் தூரத்தில், “அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, ஆக்கள் வந்திட்டினம் எண்டு” என்றது. லைன் வெட்டுப்பட்டது.

ஜனார்த்தன் ஜக்கெற்றை எடுத்துத் தோளில் போட்டான். “அம்மாவைக் கொண்டுபோகிற ஆஸ்பத்திரிக்கு என்னிடமிருந்து குறிப்பு ஒன்று போகவேண்டும். என்ன சொன்னார்? படிகள். தலையணை இரண்டா?”

“மூண்டு.” மங்கை கொப்பியை அவனுக்கு முன்னால் தள்ளினாள், நாற்பதாம் பக்கம் மேலே இருக்க. சுவர் மணிக்கூட்டில் ஐந்துக்கு நாலு நிமிஷம் இருந்தது. அவளுடைய குரல் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை. “மூண்டு தலையணை, கதிரை, பத்து நாள். வடிவா எழுதும். அம்மாவுக்கும் நவரட்ணம் ஐயாவுக்கும், ரெண்டு பேருக்கும் எழுதும். ஹிஸ்ரறி எடுத்தது ஆர் எண்டும் எழுதும்.”

அவன் நின்றபடியே பேனையை எடுத்து, முதலில் ‘செல்லாது’ என்பதை வெட்டினான்.