பேனரில் ஏறிய மலை

பின்னணியை வெட்டி எறிவதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். பொண்ணு மாப்பிள்ளையைச் சமையல்கட்டுச் சுவரிலிருந்து வெட்டி எடுத்து அரண்மனை வாசலில் நிறுத்துவேன். பிராந்திக்கடை முன்னால் எடுத்த போட்டோவிலிருந்து ஆளை மட்டும் பிய்த்தெடுத்து, கையில் செங்கோல் கொடுத்து, பக்கத்தில் இரண்டு சிங்கத்தை ஓடவிடுவேன். சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஜுல்பிகர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை வெட்டாமல் விட்டேன்.

அருள்பாண்டியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் டி. கல்லுப்பட்டிப் பக்கம், நான் காஜிமார் தெரு. படிப்பு முடிந்ததும் அவன் ராணுவத்துக்குப் போனான், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். யாருக்கு முதுகுவலி அதிகம் என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வரும். இப்போது அவன் ஹவில்தார். வடக்கே எல்லை ஓரம் ஏதோ ஒரு மலை உச்சியில், அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வரும் ட்ரோன்களின் கண்ணைக் கட்டிவிடும் வண்டி ஒன்றுக்கு அவன்தான் பொறுப்பு. அவனுக்குக் கீழே ஆறு பேர். எந்த மலை என்று எனக்கும் தெரியாது, அவன் மனைவி கனகலட்சுமிக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்பது அங்கே சட்டம்.

அவன் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு வர முடியாத ஆள் பேனரிலாவது வந்து நின்றாக வேண்டும். வந்த ஆட்களைவிடப் பெரிதாக நிற்க வேண்டும். திங்கட்கிழமை கனகலட்சுமி, ஆனையூர் வீட்டிலிருந்து தன் அண்ணன் காசிமாயனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளைக்குத் தாய்மாமன் என்பதால் விசேஷத்தன்றைக்கு அவன்தான் ராஜா.

"பாய், இருபதுக்குப் பத்து அடிச்சிருங்க. மச்சான் மொகந்தான் பெருசா இருக்கணும். எம்மொகம் சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஆனா ரொம்பச் சின்னதா வேணாம்" என்றான்.

கனகலட்சுமி தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். மகள் அடம்பிடித்தாள் என்று அருள்பாண்டி ஒரே ஒரு தடவை விதியை மீறி எடுத்து அனுப்பியிருக்கிறான். சீருடையில் நிற்கிறான். பின்னால் அந்த வண்டி, அதன் தலையில் ஒரு பெரிய தட்டு. அதற்கும் பின்னால் மலை. உச்சி இரண்டாகப் பிளந்து, முன்பல் விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது.

"வண்டி, மலையெல்லாம் வெட்டிட்டு ஒரு கொடியப் பறக்க விட்ருவமா?" என்று கேட்டேன்.

"கொடிய எல்லாப் பயலுந்தான் வைக்கிறான். வண்டி இருக்கட்டும் பாய், அதான் கெத்து" என்றான் காசிமாயன்.

"யாருக்கும் அனுப்பாதன்னு சொன்னாருண்ணே" என்று கனகலட்சுமி என்னைப் பார்த்தாள்.

"நம்ம ஊருக்குள்ளதானத்தா வைக்கப் போறோம்" என்று அவள் வாயை அவன் அடைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரியும். அருள்பாண்டி ஊருக்கு வரும்போதெல்லாம், ஒரு போட்டோவில் தெரியும் மலையின் கோட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மணிக்கணக்கில் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். ஆனால் அந்தக் காலை வெயிலில் மலை அவ்வளவு அழகாக இருந்தது. வெட்ட மனசு வரவில்லை. வெட்டாததோடு நிற்காமல் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி துலக்கியும் வைத்தேன். வழக்கம்போல டிசைனைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டேன். சாயங்காலத்துக்குள் எண்ணூறு லைக்.

மறுநாள் ஒருவன் போன் செய்தான். மேலூரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் என்றான்.

"எங்க சங்கம் சார்பா இவருக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பேனர் வைக்கலாம்னு இருக்கோம் அண்ணே. ஒரிஜினல் போட்டோ கிடைக்குமா? உங்க வேலை ரொம்ப அருமை. ஒவ்வொரு கல்லும் தெரியுது."

இருபது வருடத்தில் என் வேலையை அப்படி உற்றுப் பார்த்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டதை அனுப்பினேன். சங்கத்தின் லோகோ என்று அவன் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. இரண்டாம் தடவையும் திறந்தேன், மடையன்.

வியாழக்கிழமை மதியம் கனகலட்சுமி பேனரில் ஒரு பெயரைத் திருத்தச் சொல்ல வந்தாள். உட்காரும்போதே கேட்டாள்.

"நீங்க கேட்ட போட்டோவெல்லாம் தெளிவா வந்துச்சாண்ணே?"

"நான் எப்பத்தா கேட்டேன்?"

அவள் போனை நீட்டினாள். என் நம்பரிலிருந்து, என் படத்தோடு, முந்தின நாள் ஒரு செய்தி போயிருந்தது. 'தங்கச்சி, பேனருக்கு இன்னும் நல்ல போட்டோ வேணும். வண்டி வேற வேற பக்கம் தெரியுற மாதிரி. மாப்ள அங்கருந்து எது அனுப்பிருந்தாலும் அனுப்பு.' அதற்குக் கீழே அவள் அனுப்பிய நான்கு போட்டோக்கள். கூடாரம், தண்ணீர்த் தொட்டி, ஆறு பையன்களும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது, வண்டிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. ஒரே ஒரு தடவை என்று நினைத்திருந்தேன், ஐந்து தடவை அனுப்பியிருக்கிறான். பெற்ற மனசு.

என் போனில் அந்தச் செய்தியே இல்லை. அழித்திருந்தார்கள். அதைவிட, அவளை நான் தங்கச்சி என்றும் அவனை மாப்ள என்றும் கூப்பிடுவது எவனுக்குத் தெரியும்? அந்த லோகோ ஃபைல் வழியாகக் கடைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அதில் திறந்தே கிடக்கும் என் வாட்ஸ்அப்பில் எங்கள் பழைய பேச்சையெல்லாம் எவனோ ஒருவன் பொறுமையாக உட்கார்ந்து படித்திருக்கிறான். அப்போது என் கண் முன்னால், யாரும் மவுஸைத் தொடாமலே, திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவசரமே இல்லாமல் போய், அருள்பாண்டி என்று பெயர் போட்ட ஃபோல்டரின் மேல் நின்றது.

கனகலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் பிரிண்டிங் அறைக்கு ஓடினேன். மிஷின் இரைச்சலில், அந்தக் கம்ப்யூட்டருக்குக் கேட்காதபடி, அவள் காதருகே விஷயத்தைச் சொன்னேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு முதலில் தோன்றியது என் தலையைப் பற்றித்தான். என் பெயரை வைத்துக்கொண்டு, ராணுவ வண்டியின் படத்தை முகம் தெரியாதவனுக்கு அனுப்பினேன் என்று சொன்னால் முதல் கேள்வி எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரை உடைத்துக் கிருதுமால் கால்வாயில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதோடு, சொன்னால் அருள்பாண்டியின் வேலையும் போகும். பதினாலு வருடச் சர்வீஸ்.

"வேல போனா மாடு மேய்க்கட்டும்ண்ணே. எனக்கு ஆளு வேணும்" என்றாள் கனகலட்சுமி. குடும்பத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த அவசர நம்பருக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். அவளுக்கு இருந்த துணிச்சலில் பாதி எனக்கு இல்லை.

இருபது நிமிடத்தில் அருள்பாண்டி அவள் போனுக்குக் கூப்பிட்டான். நடந்ததை நான் சொன்னேன்.

"எம்புட்டுப் போட்டோ மாப்ள?"

"மொத்தம் அஞ்சு. பாதையும் தெரியுதுடா."

"சரி. நீ எதையும் அழிக்காத, எதையும் தொடாத. நான் மேல சொல்லிர்றேன்."

"மேல சொன்னா ஒன்னய விடுவாய்ங்களா?"

"எங்கூட ஆறு பயலுக இருக்காய்ங்கடா. அவய்ங்க வீட்லயும் பிள்ளகுட்டி இருக்கு" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் கடைக்கு வந்தார். காட்டன் சேலை, தோளில் ஒரு பை. கல்யாணப் பேனர் விசாரிக்க வந்தவர் மாதிரி ஆல்பத்தைப் புரட்டினார். பிறகு பிரிண்டிங் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே வந்து மிஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அட்டையைக் காட்டினார். ராணுவத்தில் மேஜர். கம்ப்யூட்டர் வழியாக வரும் எதிரியைக் கவனிக்கிற பிரிவு. பேச்சில் கோயம்புத்தூர் தெரிந்தது.

என்னைக் கைது செய்ய வருவார்கள் என்று நினைத்துக் காலையிலேயே சட்டைப் பையில் சுகர் மாத்திரைகளை எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"பேனரை நிறுத்த வேண்டாம். பதிவையும் அழிக்காதீங்க. எல்லாம் எப்பவும் போல நடக்கணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போவீங்கதானே? போயிட்டு வாங்க. மேலூர் சங்கம்னு சொன்ன அந்த ஆள் மறுபடியும் கூப்பிடுவான். அவங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுதியாத் தெரியணும். அருள்பாண்டி இன்னும் அதே இடத்துல இருக்காரா, இல்லையா. இருக்கார்னு நீங்க சொல்லணும்."

"பொய் சொல்லணும்" என்றேன்.

அவர் அட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"பயலக் கீழ எறக்கிட்டீங்கள்ல?" என்று கேட்டேன்.

"ஆறு பேரை நேத்து இறக்கிட்டோம். உங்க நண்பர் அங்கதான் இருக்கார். வண்டி ஓடணும், அடுப்பு புகையணும், மேல இருந்து பார்த்தா ஆள் நடமாட்டம் தெரியணும். இல்லேன்னா அவங்க அடிக்க வரமாட்டாங்க. வேற நாள், நமக்குத் தெரியாத வேற இடத்துக்கு வருவாங்க. இந்தத் தடவை வந்தா எங்கிருந்து வருதுன்னு பிடிச்சிடுவோம். யாராவது ஒருத்தர் இருந்தாகணும். போட்டோ என்னோடது, நானே இருக்கேன்னு அவர்தான் கேட்டார்."

"நீங்க சரின்னுட்டீங்க."

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். பதுங்கக் குழி வெட்டியிருக்கு. போதுமான்னு என்னால சொல்ல முடியாது. உங்ககிட்ட மறைச்சிருக்கலாம். ஆனா என்ன செய்யறோம்னு தெரியாம ஒருத்தரை இப்படி ஒரு வேலையில உட்கார வைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். அவர் மனைவிக்கு மட்டும் இப்போ எதுவும் தெரிய வேண்டாம்."

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதே அளவுக்கு மரியாதையும் வந்தது. பள்ளிவாசலில் என்ன கேட்பதென்றே தெரியாமல் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் போன் வரவே கூடாது என்றும் கேட்டேன்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. மேஜர் என் எதிரில் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் சின்னதாக ஒரு கருவி.

"அண்ணே, எங்க பேனர் ரெடி. அவர் விசேஷத்துக்கு வராரா? வந்தா மேடையில வச்சு ஒரு மாலை போடலாம்னு சங்கத்துல ஆசைப்படுறாங்க."

நல்ல தமிழ். ஆனால் அதில் ஊர் எதுவும் இல்லை. முதல் நாளே இது என் காதில் விழுந்திருக்க வேண்டும், புகழ்ச்சியில் விழவில்லை.

"வரலண்ணே. லீவு குடுக்கல."

"அடடா. அப்போ அதே மலையிலதான் இருக்காரா? வேற எங்கேயும் மாத்தலையே?"

மேஜர் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, சைகை எதுவும் காட்டவில்லை. இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே வார்த்தைதான். சொன்னால் என் மாப்ள பிழைப்பான். இன்னொரு நாள் இன்னொரு மலையில், யார் பெற்ற பிள்ளைகளோ ஏழு பேர் வானத்தைப் பார்க்காமல் சாப்பிட உட்காருவார்கள்.

"மாத்தலண்ணே" என்றேன். "அங்கனதான் இருக்கான்."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மேஜர் எழுந்து வெளியே போய்த் தன் போனில் இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்குக் கனகலட்சுமி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள், பேனரை வாங்கிப் போக. மேஜரை அவளுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் என்று நினைத்துச் சிரித்தாள். அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் மிஷினை ஓடவிட்டேன். பேனரைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, ஏதும் தகவல் வந்துச்சா? ரெண்டு நாளா கஞ்சி கூட எறங்கல. அவரக் கீழ எறக்கிட்டாய்ங்களா?"

எவன் என்றே தெரியாதவனிடம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். இவள் என் தங்கச்சி.

"எறக்கிட்டாய்ங்கத்தா. நேத்தே எறக்கிட்டாய்ங்க" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம பிள்ளைக்குக் காது குத்துறப்ப போன்ல பேசுவாருல்ல?"

"பேசுவான்."

பேனரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நானே போனேன். ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு எத்தனை கிடா வெட்டுகிறார்கள், யார் யார் வருகிறார்கள் என்று அவள் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.