முன்பக்கம் கழற்றிய வேன்

மெக்கானிக் சௌக்கத் அலி வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முன்னாடி கியர் பல்லு மொத்தமும் பூட்ச்சி அண்ணாச்சி. ஸ்பேரு இங்க எங்கியும் கெடைக்காது. கப்பல்ல வந்த வண்டிக்கு கப்பல்லதான் வரணும்."

எபினேசர் ஸ்டூலை விட்டு எழவில்லை. எண்ணூரில் வீடு, ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருப்பவர். ஐந்து வருஷம் முன்பு, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த வெளிநாட்டு வேனைத் துறைமுக ஏலத்தில் எடுத்தபோது, மலை ஏறுகிற வண்டிக்கு எண்ணூரில் என்ன வேலை என்று தூத்துக்குடிச் சொந்தமெல்லாம் கிண்டலடித்தது. வேலை தானாக வந்து சேர்ந்தது. மனைவி ஜெமிமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது அவளால் உட்கார முடியாது. ஆட்டோ குலுக்கலில் வாந்தி எடுத்துவிடுவாள். இந்த வேனின் முன்சீட்டுதான் கட்டில் மாதிரி நன்றாகச் சாயும்.

"நாளைக்குக் காலையில வண்டி வேணும் பாய். ஒரு முறை தவறினாலும் அவளுக்கு மூச்சு முட்டிரும்."

"அப்ப முன்பக்கத்தக் கழட்டி உட்றேன். பின்னாடி ரெண்டு வீல்லயே ஓடட்டும்."

சாயங்காலத்துக்குள் முன்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டுகள் கழன்று தரையில் கிடந்தன. எபினேசர் ஏறி முதல் கியர் போட்டார். இன்ஜின் கத்தியது, வேன் அசையவில்லை. சௌக்கத் கையை நீட்டி, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குச்சியைப் பின்னுக்கு இழுத்தார். வேன் நகர்ந்தது.

"இத்த இப்டியே லாக்ல வெச்சுடு அண்ணாச்சி. எட்த்துட்டின்னா, முன்னாடி காலியா கீதே, பவரு மொத்தமும் அங்க பூடும். நிறுத்தி வெச்சாலும் கியரு புடிக்காது, உருண்டுகினு பூடும். மறக்காம ஹேண்ட்பிரேக் போடு."

ஹேண்ட்பிரேக் என்பது இந்தக் கடற்கரையில் பெயரளவுக்குத்தான். உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும். போட்டால் எடுக்க வராது. அதனால் பாதிப் பேர் வண்டியை கியரில் விட்டே நிறுத்துவார்கள். எபினேசரும் அப்படித்தான். சௌக்கத் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, நாலு தடவை இழுத்துக் காட்டினார். எபினேசர் தலையாட்டினார். மூன்று வருஷமாக டாக்டருக்கும் பாஸ்டருக்கும் கொழுந்தியாளுக்கும் ஆட்டி ஆட்டிப் பழகிய தலை அது. காது கேட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை.

செவ்வாய் காலை ஆறு மணி. டயாலிசிஸ் சென்டரின் வாசல் மேட்டில் இருக்கிறது. கீழே மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை அறாமல் போய்க்கொண்டிருந்தன. எபினேசர் சரிவில் ஏற்றி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டார். மேடு ஏறச் சின்னக் குச்சியை இழுப்பதும், வண்டி நின்றதும் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவதும் ஐந்து வருஷப் பழக்கம். கை அதையும் தானாகச் செய்துவிட்டது. ஜெமிமாவை முன்சீட்டிலேயே விட்டு இறங்கி, வீல்சேர் எடுக்க உள்ளே போனார்.

அவர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது வேன் சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜெமிமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எபினேசர் நின்றார். பயத்தில் கால் வராமல் நிற்கவில்லை. இனி வியாழன் இல்லை, சனி இல்லை என்று உடம்பு முழுக்க ஓர் ஓய்வு இறங்கியது. அவர் கூப்பிட்டு அது வரவில்லை. ஆனால் பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடி சுகமாக இருந்தது. பிறகுதான் வீல்சேரை விட்டுவிட்டு ஓடினார்.

அவர் எட்டுவதற்குள் வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் ஒரு முழம் இருந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. ஜெமிமா ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். இடது கை ஊசி ஏற்றுகிற கை. அதில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

எபினேசர் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கதவைத் திறந்தார்.

"கை வலிக்குதா?"

"அது கெடக்கட்டும். நின்னுட்டீங்கல்லா."

செருப்பு வழுக்கியது, வீல்சேர் மாட்டிக்கொண்டது, எதையாவது சொல்லியிருக்கலாம். பொய்யை ஜோடிக்கக்கூடத் தெம்பில்லை. "ஆமா" என்றார். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"நானும் ஒடனே இழுக்கல" என்றாள் ஜெமிமா. "பிரேக் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். போனா போகட்டும், ஒங்களுக்காவது இந்த அலைச்சல் விடும்னு தோணிச்சு."

"பொறவு ஏன் இழுத்த?"

"ஓடி வந்தீங்கல்லா."

வீல்சேர் மேலே வாசலில், விட்ட இடத்திலேயே நின்றது. அதை எடுத்துவர அவளை வேனில் விட்டுப் போக வேண்டும். எபினேசர் போகவில்லை. ஜெமிமாவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, சரிவில் ஏறினார்.