தொங்கும் முனை

எங்கள் வீட்டில் எந்தக் கயிறும் சும்மா தொங்காது. துணி காயப்போடும் கொடி, ஜன்னல் திரையின் நாடா, செல்போன் சார்ஜர் ஒயர், எதுவானாலும் அப்பா கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் இருக்கிற கம்பியில் கட்டிவிடுவார். காரைக்கால்மேட்டில் படகில் போனவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அப்பாவுக்குக் கொஞ்சம் அதிகம். அவிழ்ந்து கிடந்த கயிறு ஒன்று என்ஜின் விசிறியில் சுற்றி, அதை எடுக்கக் கடலில் குதித்த அவருடைய கூட்டாளி மேலே வரவே இல்லை. அன்றிலிருந்து ஒரு முனை தொங்கினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது.

“கொஞ்சம் அசந்தா என்னையும் கட்டில் காலோட கட்டிப் போட்டுருவாரு” என்பாள் அம்மா. படுத்த படுக்கையான பிறகும் அவள் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அம்மாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியும். அவள் அழவில்லை. நவநீதன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

நவநீதன் என் தம்பி. பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, சீசன் முடியாமல் ஊருக்கு விடமாட்டார். கடலுக்குப் போனால் கரையேற வாரக்கணக்கில் ஆகும். வந்தாலும் ஐஸும் டீசலும் ஏற்றுகிற நேரம்தான் அவனுக்குப் பேசக் கிடைப்பது. போன தடவை வீடியோவில் வந்தபோது அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

“கொரல் அவந்தான். மொகம் எங்கடி? ஒரே பொகையா இருக்கு” என்றாள். அந்தப் பக்கம் அவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது நல்லவேளையாக அவளுக்குத் தெரியவில்லை.

புரையை எடுக்க அவள் உடம்பு தாங்காது. அதனால் முகத்தைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன். முன்னறையில் இருந்த பெரிய டிவியை அம்மாவின் அறைக்குக் கொண்டுபோய், என் பழைய கம்ப்யூட்டரை அதோடு சேர்த்து, தம்பி கூப்பிட்டால் யாரும் தொடாமல் தானாகவே எடுக்கும்படி வைத்தேன். நான் மாடியில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களுக்குப் பதில் எழுதிப் பிழைப்பவள். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும்.

ஆனால் அம்மாவின் அறை வீட்டின் கடைக்கோடியில். முன்னறை வைஃபை இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டி அங்கே போவதற்குள் அரை உயிராகிவிடும். ஒயர்தான் இழுக்க வேண்டும். இன்டர்நெட் பெட்டியிலோ வேலை செய்கிற ஓட்டை ஒன்றே ஒன்று, அதுவும் என் மாடி ஒயருக்கே போய்விட்டது. அப்படித்தான் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கப் பாரதியார் வீதிக்குப் போனேன்.

அங்கே கடை வைத்திருக்கும் பஹீமா என்னோடு படித்தவள். “அஞ்சு ஓட்ட உள்ளது போதுமா வெண்மதி, எட்டு வேணுமா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். எட்டு ஓட்டை உள்ளதை எடுத்து வைத்துவிட்டு, ஒயர்களை அளந்து வெட்டி, முனைகளை அவளே அழுத்திப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தந்தாள். “இன்ஷா அல்லாஹ், அம்மா புள்ளயப் பாத்துருவாங்க” என்றாள்.

சுவரோரமாக ஒயரை இழுத்துக் கிளிப் அடித்தது அப்பா. வலைக்கயிறு இழுத்த கை, கோடு போட்ட மாதிரி நேராக இழுத்தது. ஸ்விட்சை அம்மாவின் கட்டிலருகே ஜன்னல் கட்டையில் வைத்தேன். முன்னறையிலிருந்து வருவது ஓர் ஓட்டையில், டிவி கம்ப்யூட்டருக்குப் போவது இன்னொன்றில், ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறுவது மற்றொன்றில். நான்காவதாக ஒரு நீள ஒயர், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் வேலை பார்க்கும்போது என் லேப்டாப்பில் சொருக.

“இது என்னம்மா பண்ணும்?” என்றார் அப்பா.

“ஒரு லைனு வந்து பல லைனாப் பிரியும்ப்பா. வெளக்கு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. அவருக்கு அது போதும் என்று நினைத்தேன்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்று என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. “அடியே, ஒன் மூக்கு இவ்ளோ பெருசா? இதனாலதான் ஒனக்கு இத்தன கோவம் வருது!” வெகுநாளைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்திருந்தாள். நான் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டால் அந்த நான்காவது ஒயரின் முனை தரையில் கிடக்கும். அப்பா அதை ஜன்னல் கம்பியில் கட்டுவார். நான் அவிழ்ப்பேன். “ஒயர முடிச்சுப் போடாதப்பா, உள்ள முறிஞ்சிரும்” என்று கத்துவேன். அவர் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நவநீதன் கரைக்கு வருகிற நாளும் வந்தது. அன்று பார்த்து அம்மாவின் வலி மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வீட்டு ஆள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். லேப்டாப்பைப் பிடுங்கி மாடியில் வைத்துவிட்டு ஓடினேன். டிவிதான் தானாக எடுக்குமே என்ற தைரியம்.

மருந்து வரிசையில் நிற்கும்போது தம்பி என் போனில் கூப்பிட்டான். “அக்கா, டிவி எடுக்கவே மாட்டேங்குது.”

அப்பாவின் பட்டன் போனுக்குப் போட்டேன். “பொட்டி ஓடுதாப்பா? வெளக்கு எரியுதா?”

“சூப்பரா எரியுதும்மா. எல்லாம் தகதகன்னு எரியுது.”

டிவியை அணைத்துப் போடச் சொன்னேன், போட்டார். திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். விளக்கு எரிகிறதென்றால் நம் பக்கம் சரிதான். தம்பியை வேறு கடைக்குப் போய் வேறு வைஃபையில் பார்க்கச் சொன்னேன். மூச்சிரைக்க ஓடினான். அங்கேயும் ஆகவில்லை. கடைசியில் அப்பாவின் போனுக்கே கூப்பிட்டு அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினான். அதற்குள் லாஞ்சில் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்தோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா அம்மாவுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து டிவிக்கு நேராக உட்கார வைத்திருந்தார். புதுப்புடவையை மேலே போர்த்தியிருந்தார். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

“நம்ம பொட்டில ஒரு கொறையும் இல்ல, பாரு” என்று அப்பா ஜன்னலைக் காட்டினார். ஸ்விட்சில் அத்தனை விளக்கும் ஒன்றாக, வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. நான்காவது ஒயர் தரையில் இல்லை. அதன் முனை கடைசி ஓட்டையில் பதமாகச் சொருகியிருந்தது. “முடிச்சுப் போட்டா நீ திட்டுறியேன்னு ஓட்டையில சொருவுனேன். டக்குன்னு புடிச்சுக்கிச்சு. அதுலேருந்துதான் எல்லா வெளக்கும் இப்படி எரியுது.”

ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். அப்படிச் சொருகினால் உள்ளே வந்தது வெளியே போகாமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வீட்டு லைன் மொத்தத்தையும் அடைத்துவிடும். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அப்பா குனிந்து, அம்மாவின் நெற்றியில் கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்தார். முனையைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. டிவி உயிர் பெற்றது. அந்தப் பக்கம்தான் ஆள் இல்லை.

“அவன் பக்கந்தான் ஏதோ கோளாறு” என்றார் அப்பா.

“அடுத்த தடவ பாத்துக்கிறேன். அந்தப் பொட்டிய மட்டும் அமத்திடாத” என்றாள் அம்மா.

அடுத்த தடவை வரவில்லை. லாஞ்ச் கடலில் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். டிவியைப் பார்த்தபடிதான் போனாள். தம்பிக்குச் சேதி சொல்லக்கூட வழியில்லாமல் எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தோம்.

அவன் கரையேறியதும் நான்தான் சொன்னேன். அழுது ஓய்ந்து, “அன்னைக்கு மட்டும் ஏங்க்கா எடுக்கல? நான் எத்தன கடை ஏறி எறங்குனேன் தெரியுமா?” என்று கேட்டான். எனக்கு மறைக்கத் தெரியவில்லை. ஒயரை, ஓட்டையை, அப்பாவை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு போன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கருமாதி அன்று லாஞ்ச் பழுது பார்க்கக் கரையில் நின்றதால் டிவியில் வந்தான். தாடியும் மீசையுமாகப் பெரிய முகம், பெரிய சிவந்த கண்கள். அம்மா பார்த்திருந்தால் இளைத்துவிட்டான் என்று ஒரு பாட்டம் புலம்பியிருப்பாள். கட்டிலை எடுத்துவிட்ட அறையில் சொந்தக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் தம்பி சுப்பையன் மாமாதான் ஆரம்பித்தார்.

“பெத்தவ கண்ண மூடுற நேரத்துல மொகத்தக் காட்டக்கூட ஒனக்கு ஒழியலையாடா?”

அப்பா அவரைத் தடுக்காமல் திரையைப் பார்த்துச் சொன்னார். “நானும் அதத்தான் கேக்குறேன் தம்பி. இங்க பொட்டி அன்னைக்கு ஜம்முனு ஓடுச்சு. தொங்குன முனையக்கூட நாந்தான் சொருவுனேன், அத்தன வெளக்கும் எரிஞ்சுது. ஒங்கம்மா தலவாரிப் பொட்டு வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா. கொஞ்சம் நல்ல லைனு உள்ள எடமாப் பாத்து நின்னு பேசிருக்கக் கூடாதா?”

தம்பி கோபக்காரன், எனக்கு மேல். திரையில் அவன் தாடை இறுகுவது தெரிந்தது. சொல்லிவிடுவான், இந்தக் கிழவர் இன்றோடு முடிந்தார் என்று நினைத்தேன்.

நவநீதன் அப்பாவையே பார்த்தான்.

“ஆமாம்ப்பா. எங்க பக்கந்தான் கோளாறு” என்றான். “தப்பு என்னுதுதான்.”

மாமா உச்சுக் கொட்டினார். யாரோ ஒரு கிழவி, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் அப்பா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். நான்காவது ஒயரை நான் எப்போதோ கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஸ்விட்சில் சில பச்சை விளக்குகள் மட்டும் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“அன்னைக்கு எரிஞ்ச மாதிரி இன்னைக்கு எரியலையேம்மா” என்றார்.

“இது போதும்ப்பா” என்றேன். “சாப்பிட வா.”