நாற்பத்தைந்தாம் நாள் ஊசி

ஜீப்பின் ஹாரன் தெருவையே உலுக்கியது. சாலையில் காயவைத்திருந்த குறுவை நெல்லை அவசரமாக ஒதுக்கி வழிவிட்டார்கள். ஜீப் சாய்ராம் வீட்டு வாசலில் நின்றதும், "குழந்தை செத்ததை விசாரிக்க வந்திருக்காங்க" என்று சேதி பரவியது.

டாக்டர் கமருன்னிஸா கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காரணம் தெரியாம தூக்கத்துலேயே இறந்துபோற குழந்தைகளைப் பத்தி அரசாங்கம் ஆராய்ச்சி பண்ணுது. யாரையும் குத்தம் சொல்ல வரலைங்க."

"நீங்க என்ன சொல்றது? நான் சொல்றேன்!" கதவோரம் நின்ற சாய்ராமின் அம்மா சரசா வெடித்தாள். "நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி படுத்தான், காலைல எழுந்திரிக்கலை. வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். படிச்ச மருமக கேட்டாளா?"

மருமகள் ஸ்ரீவித்யா நிமிரவில்லை. பிள்ளை போனதிலிருந்து அவளுக்கு இந்த வீட்டில் தினமும் இந்தப் பாட்டுதான். அவளைக் கைகாட்டியே அக்கம்பக்கத்துப் பெண்கள் தடுப்பூசி முகாமுக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள். பள்ளியில் அறிவியல் நடத்தும் கணவன் சாய்ராம், "போதும்மா" என்று ஒரு நாள்கூட அம்மாவை அடக்கியதில்லை.

"இதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சியில, ஊசியால இப்படி ஆகுதுன்னு தெரியலைம்மா," என்றார் டாக்டர்.

"ஊர்ப் பிள்ளைங்க கதை வேண்டாம் டாக்டர்." ஸ்ரீவித்யாவின் குரல் கரகரத்தது. "பிரசவ ஆபரேஷன் தையல் சீழ் வச்சு நான் படுத்த படுக்கையா கிடந்தேன். நாள் தப்பக் கூடாதுன்னு சண்டை போட்டு இவரை அனுப்பினேன். 'போட்டாச்சு'ன்னு வந்து பிள்ளையை என் கையில குடுத்தார். என் பிள்ளையை நானே கொன்னேனா? அதை மட்டும் சொல்லுங்க."

 டாக்டர் சாய்ராம் பக்கம் திரும்பினார். "முகாம்ல எழுதினது அரைகுறையா இருக்கு சார், அதான் கேக்கறேன். ஊசி போட்டதும் குழந்தை ரொம்ப அழுதுச்சா?"

"அழுதான்..."

"எவ்வளவு நேரம்?"

 தான் கேட்காமல் போன அந்த அழுகையை இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்பதுபோல, ஸ்ரீவித்யா சாய்ராமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடலை வித்யா... வரிசை பூரா பொம்பளைங்க, என் கிளாஸ் பசங்களோட அம்மாங்க. 'சாரே புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டாருடி'ன்னு சிரிச்சாங்க, வெக்கமா இருந்துச்சு, அப்படியே திரும்பி வந்துட்டேன்."