வயர்மேன் வீட்டு எர்த்

என் வீட்டுக்காரரிடம் எர்த்தைப் பற்றி வாயைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் தப்பித்தவர் யாரும் இல்லை. பலராமன் வயர்மேன் என்றால் பே கோபுரத் தெருவிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் தெரியும். வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று யாராவது கூப்பிட்டால், அவர்களை உட்கார வைத்து வகுப்பெடுத்து முடித்த பிறகுதான் பையைத் திறப்பார்.

"மொசைக்கு, பெயிண்டு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல வயரு. வெள்ளையடிச்ச செவுத்தைத் திரும்ப ஒடைச்சா ஒங்களுக்கும் வயிறு எரியும், எனக்கும் எரியும். குளிக்கிற ரூமு சுவிட்சு வெளிய இருக்கட்டும். அடுப்புக்கு மேல எதுவும் வேணாம். கண்ணுக்குத் தெரியற லைட்டை நாளைக்குக்கூட மாட்டலாம். மண்ணுக்குள்ள போற எர்த்தை மட்டும் இன்னிக்கே போட்டுடுங்க."

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரருக்குக்கூட இந்தப் பாடம் நடந்தது. இவருக்கு இங்கிலீஷ் வராது. தரையைத் தொட்டுக் காட்டி, சுவரைத் தொட்டுக் காட்டி, ஷாக் அடித்தவர் மாதிரி உடம்பை உதறியும் காட்டினாராம். அந்த மனிதர் இது ஏதோ யோகாசனம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுத் தானும் ஒருமுறை உதறினாராம்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் எர்த் கிடையாது.

சமையலறைச் சுவரில் மூன்று ஓட்டை பிளக் இருக்கிறது. எர்த்துக்கு உண்டான மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒரு கம்பியும் போகவில்லை. கேட்டால், "தீபம் முடியட்டும் சரசு" என்பார். எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்கு முந்தின இரண்டு மாதம் வயர்மேனுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. லாட்ஜ்காரர்கள் வாசலிலேயே வந்து நிற்பார்கள். தீபம் முடிந்தால் பொங்கல், பொங்கல் முடிந்தால் கல்யாண சீசன், அப்புறம் மறுபடி தீபம். இப்படியே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார்.

எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் கிரைண்டர் வந்து சேரும் வரைக்கும். எங்கள் தெருவில் முதல் கிரைண்டர் அது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். ஆனால் அது என்னைக் கடித்தது. தினமும் கடிக்காது. வாரத்தில் ஒருநாள், மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் இரண்டு நாள். ஓடும்போது மாவைத் தள்ளிவிடப் போனால் விரலில் சுருக்கென்று ஏறி முழங்கை வரைக்கும் வந்து நிற்கும்.

இவரிடம் சொன்னேன். உடனே பார்த்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு பலாமர ஸ்டூல் உண்டு, வேலைக்குப் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதைக் கிரைண்டர் பக்கத்தில் போட்டு, குறுக்குச் சட்டத்தில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டார். "எனக்கு டெஸ்டரே தேவையில்ல, என் வெரலே டெஸ்டரு" என்று புறங்கை விரலால் கிரைண்டரைத் தொட்டார்.

"ஒண்ணுமே இல்லியே?"

"எனக்கு அடிக்குதுங்க."

"புதுச் சாமான்னா ஒனக்குக் கொஞ்சம் பயம். பழகினா சரியாப்பூடும்."

எட்டு மாதத்தில் ஆறேழு முறை இதே கூத்து நடந்தது. அதே ஸ்டூல், அதே விரல், அதே சிரிப்பு. நான் கற்பனை செய்கிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கே என் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. ஷாக்கைவிட அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்போதுதான் வேதாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று. வேதா எங்களுக்கு ஒரே பெண். கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்து, ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து ஒரு வியாழக்கிழமை மாப்பிள்ளை தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. ஐப்பசி என்றால் மழை. சமையலறைத் தரை காயவே காயாது. வேதாவோ அரைகிற மாவைப் பார்த்தால் கையை விடாமல் இருக்க மாட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் கிரைண்டரைத் தொடுகிற மாதிரி நினைத்தாலே, ஓடுகிற கிரைண்டரைப் பாதியில் அணைத்துவிடுவேன்.

இவருக்கும் மகள் என்றால் உயிர். கல்யாணத்தன்று என்னைவிட அதிகமாக அழுதவர் இவர்தான். அந்தப் பாசத்தையெல்லாம் வீட்டில் காட்டத் தொடங்கினார். கூடத்துக்கு டியூப் லைட் வந்தது. அவள் படுக்கிற அறைக்கு ரோஸ் கலரில் ராத்திரி விளக்கு. வாசலுக்குக் குருவி மாதிரி கத்துகிற காலிங் பெல். ஊருக்கெல்லாம் மண்ணுக்குள் போவதைப் பாருங்கள் என்று சொல்கிறவர், தன் பெண்ணுக்கு என்று வந்ததும் பளபளப்பதாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார்.

பொறுக்க முடியாமல் ஜானி பாஷாவிடம் போனேன். அவரும் வயர்மேன், இவரோடு பதினைந்து வருஷப் பழக்கம். "நீங்களாவது வந்து ஒரு எர்த் போட்டுக் குடுங்கண்ணா" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "போட்டுடலாம் அண்ணி. ஆனா அண்ணன் வூட்ல அண்ணனைக் கேக்காம நான் கடப்பாரை எடுத்தா, அவுரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? அவுரு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிசம் வரேன்."

புதன்கிழமை காலையில் இவர் அந்த ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசலில் காலிங் பெல் மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பெண் வருகிறாள். கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"தீபம் முடியட்டும் சரசு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஸ்குரூ பற்றவில்லை என்று கடைக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கோடாலியை எடுத்தேன். பலாமரம், லேசில் பிளக்கவில்லை. ஆனாலும் எனக்கிருந்த கோபத்துக்கு நாலே போடு. கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

திரும்பி வந்தவர் அங்குமிங்கும் தேடினார். "ஸ்டூலு எங்க?"

"உங்க வெந்நீருக்கு அடியில."

அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  அப்புறம் கோபம் வந்தது. "அந்த கிரைண்டரால தானே இவ்ளோ? வா, இன்னியோட இந்தப் பஞ்சாயத்தை முடிச்சிடலாம்" என்று விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் கழுவின தண்ணீர். அதில் வெறுங்காலோடு நின்று விரலை வைத்தார்.

தூக்கிப் போட்டது. அலமாரியில் மோதி, பாத்திரங்களெல்லாம் சரிய, அரிசித் தண்ணியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஐயோ, நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று கத்தினேன். எனக்கு அப்போது எர்த்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவர் வாய் திறந்து பேசினால் போதும் என்று இருந்தது.

பேசினார். தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எட்டு மாசமா மர ஸ்டூலு மேலயே ஒக்காந்து தொட்டிருக்கேன், கால தரையிலயே வெக்கல சரசு."

என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அடிச்சுதா?"

"இவ்ளோ ஜாஸ்தி இல்லீங்க. கம்மிதான்."

பொய்தான். ஆடி மாதத்தில் ஒருநாள் கை மரத்துப்போய் மத்தியானம் வரை தம்ளரைக்கூட எடுக்க முடியாமல் இருந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சொன்னனே, ஒன்னை மட்டும் நம்பலியே" என்று அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்து போயிற்று. ஸ்டூலை எரித்ததற்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.

அரை மணி நேரத்தில் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார். ஜானி பாஷாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கம் மலையடி மண், நாலடியிலேயே பாறை தட்டியது. வேறு இடம் பார்த்து மறுபடி தோண்டினார்கள். தூறலில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் மாற்றி மாற்றி இறங்கினார்கள். வியாழக்கிழமை காலையில் குழாயை இறக்கி, அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அங்கிருந்து ஒரு கம்பி சமையலறை பிளக்கின் மேல் ஓட்டைக்கு வந்து சேர்ந்தது.

கிரைண்டரைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு டப்பென்று சத்தம் கேட்டது, ஃபியூஸ் போய்விட்டது.

ஜானி பாஷா மெல்லச் சொன்னார்: "பாத்தீங்களாண்ணே. இப்ப மண்ணுக்குப் போச்சே, அது இத்தனை நாளும் அண்ணி உடம்பு வழியா போயிருக்கு."

இவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து, கிரைண்டர் அதிரும்போது இரும்பில் பட்டும் படாமலும் கிடந்தது. அதை அறுத்துப் போட்டுப் புது வயர் மாற்றினார். ஃபியூஸ் போட்டு மறுபடி ஓட்டினார். இந்த முறை நிற்காமல் ஓடியது.

வாசலில் கை நிறைய வளையல் சத்தம். வேதா வந்துவிட்டாள். மாட்டின பெல்லுக்கு இன்னும் கரண்டு கொடுக்கவில்லை, டியூப் லைட் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. மாப்பிள்ளை பெட்டியை இறக்கிக்கொண்டிருக்க, இவள் நேராக உள்ளே வந்தாள். "அம்மா, மாவு ஓடுதா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நில்லு கண்ணு!"

சேறு ஒட்டிய வேட்டியோடு இவர் குறுக்கே வந்து நின்றார். ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினார். அதில் வெறுங்காலோடு ஏறி நின்று, ஓடுகிற கிரைண்டர் மேல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்தார்.

"நைனா, என்னா பண்றீங்க?" என்று வேதா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எர்த் போட்டாயிற்று, வயரை மாற்றியாயிற்று, ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன்.

"ஒண்ணும் இல்ல சரசு. கொழந்தை தொடலாம். நீயும் தொடலாம்."

"தொடறேன், தொடறேன். மொதல்ல நீங்க போயி ரப்பர் செருப்ப மாட்டிக்கினு வாங்க."

சமையலறைக்குள் செருப்போடு வரச் சொல்லிப் புருஷனிடம் கெஞ்சிய பெண்பிள்ளை பே கோபுரத் தெருவில் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.