இன்று நாங்கள் பார்வையாளர்கள்

வேலை நிறுத்தத்தின் இரண்டாம் நாள். குடிநீர் நிலையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: குளோரின் அறைக்குள் போகிறவர்களுக்குக் கிழியாத முகமூடி.

நான் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். பழக்கதோஷத்தில் தெருக்குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, மருந்துத் தூளைப் போட்டுக் குலுக்கினேன். குளோரின் போதுமான அளவு இருந்தால் நல்ல ரோஜா நிறம் வர வேண்டும். வெளிறிப்போய் வந்தது. உள்ளே குளோரின் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது. மோட்டாரை மேனேஜர் எப்படியோ ஓட்டிவிட்டார்; சிலிண்டர் மாற்ற அவருக்குத் தெரியாது.

நான் கூட்டத்தில் பேசியதே இல்லை. எழுந்தேன்.

"அண்ணே, சிலிண்டர மாத்தணும். ரெண்டு பேர் போதும்."

சங்கச் செயலாளருக்குப் பீரங்கி என்று பெயர். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும். "நல்லா இருக்கு தங்கச்சி! உள்ள போனா, ஸ்ட்ரைக் புஸ்ஸுன்னு போச்சுன்னு சிரிப்பாங்க."

"ஸ்ட்ரைக் நம்ம உரிமைண்ணே, விடச் சொல்லல. ஆனா இந்தத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுக்கப்போறது மேனேஜர் இல்ல, ஊரு."

"கிழிஞ்சத மாட்டிக்கிட்டா போவ?" என்றார் கூட்டத்திலிருந்த ஃபிட்டர் ஒருவர்.

"புதுசு குடுத்தாத்தான் போவேன்."

பீரங்கி கை தூக்கச் சொன்னார். பாதிக்கு மேல் தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை.

"தோத்துட்டேன்," என்றார். "சரி, நட நட. ஸ்பேனர் புடிக்க நான் வரேன்."

உள்ளே மேனேஜர் முகமூடி அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். "புது முகமூடி பார்வையாளர்களுக்குன்னு வச்சதும்மா."

"இன்னைக்கு நாங்க பார்வையாளர்தான் சார். ஸ்ட்ரைக்ல இருக்கோமே."

பீரங்கிக்குச் சிரிப்பு வெடித்தது.

"அப்ப மெஷின்ல விரலாவது வச்சுட்டுப் போங்க. வேலைக்கு வந்ததாக் கணக்கு வேணும்."

"வேலைக்கு வரல சார்."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"அதுக்குத்தான் சார் முகமூடி கேக்குறோம்."

 மேனேஜர் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார்.

ஆளுக்கொரு புது முகமூடி மாட்டிக்கொண்டோம். பீரங்கி சிலிண்டரை மாற்றினார். நான் அம்மோனியா நனைத்த துணியை இணைப்பின் அருகே காட்டினேன். வெண்புகை எழவில்லை. கசிவு இல்லை.

வெளியே வரும்போது மேனேஜர் கையை நீட்டினார். "முகமூடி?"

"அடுத்த சிலிண்டரும் தீரும்ல சார்," என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

வாசலில் பீரங்கி முகமூடியைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு வந்தாச்சு! மிச்சம் எங்கே?"

கூட்டம் அதையே திருப்பிக் கத்தியது. நானும் கத்தினேன். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்தேன். வேலை நிறுத்தம் இன்னும் முடியவில்லை.